வழக்கமும் அறமும்

அறம் என்பது எங்கும் எக்காலத்தும் ஒன்றுதானா, அன்றி ஊருக்கு ஊர் மாறும் வழக்கமா? இவ்வினாவுக்கு விடையை ஏடுகளில் தேடுவதினும், நாம் பிறந்து வளர்ந்த கோலார் தங்கவயலின் சந்துகளில் தேடுவது பயன் தரும்.

வழக்கங்கள் வேறுபடுகின்றன என்பதில் ஐயமில்லை. மாமன் மகளை மணப்பதை நாம் உரிமை என்கிறோம். வடபுலத்தார் பலர் அதனைத் தகாத உறவு என்கின்றனர். இதற்குத் தீர்ப்பளிக்க நடுவர் எவரும் தேவையில்லை. இத்தகைய வேறுபாடுகளைக் கண்டே, பெரும்பாலோர் ஒப்புவது அறம், ஒப்பாதது மறம் என்று சிலர் முடிவு கட்டுகின்றனர்.

இனி நம் ஊரை நோக்குவோம். 1880ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து நம் முன்னோர் கூட்டம் கூட்டமாக வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சொந்த ஊரில் சேரியின் இழிவைச் சுமந்தவர்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்தில் வேரூன்றியது இதனாலேயே. பிறப்பால் தாழ்வு கற்பித்தல், எந்த ஊர் வழக்கம் ஒப்பினும் அநீதியே என்பது அவர்தம் துணிபு.

ஆயின், அதே லைன் வீடுகளின் ஓரத்தில் எடுப்புக் கக்கூஸ்கள் இருந்தன. விடியற்காலையில் தோட்டித் தொழிலாளர் வாளியும் தகரமுமாக வந்து மனிதக் கழிவை அள்ளிச் சென்றனர். சிறுவயதில் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்றோமேயன்றி, இது முறையா என்று கேட்டதில்லை. கேட்பார் வீட்டிலும் இல்லை. அவர்கள் தண்ணீர் கேட்டால், சொம்பை உயரத் தூக்கிக் கையில் வார்த்தோம். மேலிருந்து வந்த இழிவை எதிர்க்க நமக்குப் பொது அறம் வேண்டியிருந்தது; கீழிருந்தவரிடமோ ஊர் வழக்கத்தைக் காட்டினோம்!

அத்தகைய தொழிலாளர் குடும்பமொன்றில், இதே தங்கவயலில் 1966இல் பிறந்தவர் பெசவாடா வில்சன். இளமையிலேயே அவர் இத்தொழிலை ஒழிக்க வேண்டுமென்று எழுந்தார். 1990களில் துப்புரவுத் தொழிலாளர் இயக்கத்தை உருவாக்கியவருள் ஒருவரானார். 2016இல் மகசேசே விருது பெற்றார். பெரும்பாலோர் கருத்தே அறமெனின், அவர் முதற்குரல் எழுப்பிய நாளில் அவர் தவறினார், ஊரே சரி என்றாகும். பின்னர் ஊர் மனம் மாறியபின் அவரே சரி என்றாகும். இஃது எவ்வளவு நகைப்புக்குரியது! ஊர் கண்டது புதிய ருசியையன்று. தான் முன்னரே செய்துவந்த தவற்றையன்றோ?

சுமந்தவரே "இது எங்கள் தொழில்" என்று ஒப்பினால் என் செய்வது எனச் சிலர் வினவலாம். வேறு பிழைப்பு மறுக்கப்பட்டவரின் ஒப்புதல் ஒப்புதலாகாது. வழக்கம் என்னும் பெயரில் நாம் எண்ணிய கருத்துகளுள், வாளி தூக்கியவரின் கருத்து ஒருநாளும் எண்ணப்பட்டதில்லை. எனவே உரைகல் இதுவே: சுமக்கும் இடத்தில் நம்மை நிறுத்திப் பார்த்தும் அவ்வழக்கத்தை ஒப்புவோமா? மாமன் மகள் மணம், மணமக்கள் இருவரும் மனமுவந்தால், இவ்வுரைகல்லில் தேறும், வாளி தேறாது.

எனினும் பொது அறம் தானாக நடந்துவருவதில்லை. தீண்டாமையை ஒழித்த அரசமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இலும், மற்றொன்று 2013இலும் இயற்றப்பட்டன. அதன்பின்னும், சாக்கடைக் குழியில் மாண்டோர் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்குமாறு 2014இல் உச்சநீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. 2023இல் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தவும் நேர்ந்தது. கொள்கை விளக்கு, நடக்க வேண்டியவை நம் கால்களே.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நம்மிற் பலர் பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தோம். வந்த இடத்தில் மொழியாலும் பிறப்பாலும் எவரேனும் நம்மைத் தாழ்த்தினால், மனிதர் யாவரும் நிகர் என்று உரிமையுடன் பேசுகிறோம். பேசுவோம், அது நம் கடன். ஆனால், நம் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்குத் தனிக் குவளை வைத்திருக்கிறோமா என்று, பேசுமுன் அடுக்களையை ஒருமுறை பார்த்துவிட்டு வருவோமாக.