ஒளிக்குப் பட்ட கடன்

பொழுது சாய்ந்தபின் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையை வணங்கிவிட்டு, மகாத்மா காந்தி சாலை வழியே பிரிகேடு சாலை வரை நடப்பது நமக்குப் பழக்கமான இன்பம். கடைமுகப்புகள் சிவப்பும் நீலமும் பொன்னிறமுமாகச் சுடர்விடும். வெளியூரிலிருந்து வந்த பயணி அண்ணாந்து நின்று வியப்பான். அவனோடு நாமும் நின்று மகிழ்வோம். அம்மகிழ்ச்சி குற்றமற்றதுதானா? ஒளியைக் கண்டு களிப்பவன் அவ்வொளிக்கு ஏதேனும் கடன்பட்டவன் ஆகிறானா? இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இரவொளி காணவென்றே உலகத்தார் பலர் ஜப்பான் நாட்டுக்குச் செல்கின்றனர். டோக்கியோ மாநகரின் ஷின்ஜுகு, கின்சா ஆகிய பகுதிகளில் கட்டடத்தின் அடிமுதல் முடிவரை எழுத்துகள் ஒளிவடிவில் ஏறிநிற்கும். 2011 மார்ச் 11இல் நிலம் நடுங்கிக் கடல் பொங்கியபோது, வடகிழக்குக் கரையிலிருந்த ஃபுகுஷிமா அணுமின் நிலையம் சிதைந்தது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு துறந்தனர். டோக்கியோவின் வண்ண விளக்குகளும் மங்கின. அந்நிலையத்தின் மின்சாரம் அது நின்ற ஊருக்கன்று, தொலைவிலிருந்த தலைநகர வட்டாரத்துக்கே சென்றுகொண்டிருந்தது என்பதைப் பலர் அன்றுதான் எண்ணிப் பார்த்தனர். ஒளி ஓரிடத்தில், அதன் இடர் வேறோரிடத்தில்!

இது அயல்நாட்டுக் கதை மட்டுமன்று. காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்கும் திட்டம் மைசூர்த் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் உருவாயிற்று. 1901இல் மறைந்த அவர் அதன் பயனைக் காணவில்லை. 1902இல் அம்மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழி ஓடிக் கோலார் தங்கச் சுரங்கத்தை அடைந்தது. சுரங்கத்துக்கெனத் தொடங்கிய அதுவே, 1905 ஆகஸ்டு 5ஆம் நாள் பெங்களூர்த் தெருவில் விளக்காக மலர்ந்தது.

அச்சுரங்கத்தில் உழைத்தவர் யார்? வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற நம் மக்களே அவருள் பெரும்பகுதியினர். மண்ணுக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வெப்பத்திலும் தூசியிலும் அவர்கள் பாறை குடைந்தனர். பாறை வெடித்துச் சிதறி உயிர் நீத்தாரும் பலர். அவர்கள் இருளில் இறங்கியதனால் அன்றோ அம்மின்சாரத்துக்கு முதற்பயன் கிட்டியது? அதன் பின்னரே நகரத்துத் தெரு ஒளிபெற்றது.

“மின்கட்டணம் செலுத்துகிறோம், அதற்குமேல் என்ன கடன்?” என்று சிலர் வினவலாம். விலை வேறு, கடன் வேறு. அரிசிக்கு விலை கொடுத்தவன் உழவனை மறக்கலாம் என்று நம் முன்னோர் சொல்லவில்லை. கொடுத்த காசு பொருளோடு கழிந்துவிடும். அதை ஆக்கியவன் பட்ட பாடு அவ்வாறு கழிவதில்லை. செய்ந்நன்றியறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தது இதனாலன்றோ!

அங்ஙனமாயின் விளக்கை அணைத்துவிடுவதுதான் அறமோ? அன்று. இரவில் பணிமுடித்துத் தனியே வீடு திரும்பும் பெண்ணுக்குத் தெருவிளக்கே துணை. அதை அணைப்பதால் இறந்துபட்ட தொழிலாளிக்கு யாதொரு நன்மையும் விளையாது. ஒளி நல்லதே, அது எங்கிருந்து வந்தது என்று கேளாமையே தீது. பயணி ஓரிரவு கண்டு செல்பவன். அவன் கேளாமல் போவதைப் பொறுக்கலாம். இவ்வூரிலேயே வாழும் நாம், நம் ஊரில் நாமே பயணிகளாகத் திரிவது தகுமோ?

2001இல் கோலார்ச் சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் அச்சுரங்கத் தொழிலாளரின் மக்களும் பேரர்களும் இன்றும் மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகின்றனர். நாம் விளக்கழகு காண நடக்கும் அதே அந்தியில், அவர்கள் அவ்விளக்குகளை ஏறிட்டும் பாராது ஊர் திரும்பும் வண்டியைப் பிடிக்க விரைகின்றனர். அடுத்த முறை நம் தோளை இடித்துக்கொண்டு ஒருவர் அவ்வாறு விரைந்தால், முகஞ்சுளியாது வழிவிடுவோம். நம் கடனை அடைக்க அது போதாது. ஆயினும், கடன் உண்டென்று அறிந்ததற்கு அஃது ஓர் அடையாளமாகும்.