அவுட்பாக்ஸில் பதினோரு கடிதங்கள்

"மெயில் வருது தம்பி, போக மாட்டேங்குது."

வந்தவாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தப் புகாரை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. போகிறது, ஆனால் வரவில்லை என்று யாரும் சீக்கிரத்தில் வந்து நிற்பதில்லை. வராத கடிதம் வரவில்லை என்று எப்படித் தெரியும்? போகாததுதான் உடனே உறுத்தும்.

2012இல் ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பொன்னூர் மலைக்குப் போகும் வழியில் உள்ள கிராமம். நயினார், அதாவது தமிழ்ச் சமணர். மலைமேல் சமண முனிவர் குந்தகுந்தரின் பாதம் இருப்பதால் வெளி மாநிலச் சமணர்கள் வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக இங்கேயே நெல்லும் மணிலாவும் போட்டு வாழும் தமிழ்ச் சமணர்களைப் பற்றிப் பக்கத்து ஊரில் இருக்கும் எனக்கே அப்போது ஒன்றும் தெரியாது. இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள் என்பது மட்டும் தெரியும்.

பழைய எக்ஸ்பி மெஷின், அதில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். மூன்று வாரத்துக்கு முன் பிராட்பேண்ட் கம்பெனியை மாற்றியிருந்தார். அன்றிலிருந்துதான் கடிதம் போகவில்லை. கேட்டவுடனே நோய் பிடிபட்டுவிட்டது. போகும் அஞ்சலுக்கான போர்ட் 25 என்று இருக்கும்; வீட்டு இணைப்பில் அந்த வாசலைப் பல கம்பெனிகள் அடைத்துவைத்திருக்கும். 587 என்று மாற்றி, 'இந்த சர்வருக்கு அடையாளச் சான்று தேவை' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் தீர்ந்தது.

டூல்ஸ், அக்கவுண்ட்ஸ், பிராப்பர்டீஸ் என்று நான் திறந்துகொண்டே போக, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஆசிரியர் அல்லவா, சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

"இன்கமிங்குக்கு ஒரு சர்வர், அவுட்கோயிங்குக்கு ஒரு சர்வரா? வீட்டுக்கு வாசல் ஒண்ணுதானே தம்பி. அது வழியாவே வரலாம், போகலாம்."

தபாலை வைத்துச் சொன்னேன். தெருமுனையில் சிவப்புப் பெட்டி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போடலாம், பெட்டி யாரையும் ஊர் பேர் கேட்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பவர் போஸ்ட்மேன். அவர் கதவிலக்கம் பார்ப்பார், ஆள் பார்ப்பார். இரண்டும் தபால்தான், ஆனால் வேலை வேறு. ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கர் 1982 ஆகஸ்டில் மின்னஞ்சல் அனுப்பும் விதிகளை எழுதி வெளியிட்டார். அனுப்புவதற்கு அதில் பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை. வந்த கடிதத்தைப் படிக்கத்தான் பாஸ்வேர்டு. யார் பேரிலும் யாரும் கடிதம் அனுப்பலாம், பெட்டி வாங்கிக்கொள்ளும். அனுப்புகிறவனும் தன் அடையாளத்தை நிரூபிக்கலாம் என்பதற்கு 1999இல்தான் விதி வந்தது.

"அப்போ, கேக்கிறவனுக்குப் பூட்டு, பேசுறவனுக்குப் பூட்டு இல்ல."

"ஆமாங்க ஐயா, பதினேழு வருஷம் அப்படித்தான்."

அவர் சிரித்தார். "எங்க நூல்ல இது நேர்மாறு."

சமணத்தில் ஒன்பது பொருள் சொல்வார்கள். அதில் ஐந்தை அன்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார்: ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு, வீடு. வினை உயிருக்குள் ஊறி வருவது ஊற்று. வந்து ஒட்டிக்கொள்வது கட்டு. வரும் வழியை அடைப்பது செறிப்பு. ஒட்டியதைத் தேய்த்து உதிர்ப்பது உதிர்ப்பு. எல்லாம் உதிர்ந்த பின் வீடு. வடமொழியில் ஆஸ்ரவம், சம்வரம் என்று வரும் சொற்களுக்குக் கிணறு வெட்டுகிறவன் பேச்சிலிருந்து தமிழ் கண்டுபிடித்தவர்கள் யாரோ, கெட்டிக்காரர்கள். "சரி, வினை உள்ளே வர்ற வாசல் எது சொல்லு பார்ப்போம்" என்றார். கண், காது என்றேன். வகுப்பில் தப்பாகச் சொன்ன பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீ பேசுறியே, செய்யுறியே, மனசுல நெனைக்கிறியே, அதுதான் வாசல். வெளியே போறதுதான் உள்ளே வர்றதுக்கு வழி போட்டுக் கொடுக்குது."

எனக்கு அது அப்போது முழுதாகப் புரியவில்லை. கை பழக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. 587. டிக். அப்ளை. ஓகே. பிறகு 'செண்ட், ரிசீவ்' பொத்தான். பச்சைப் பட்டை நகர்ந்தது: பதினொன்றில் ஒன்று, பதினொன்றில் இரண்டு என்று. கடைசிக் கடிதம் போனதும் ஒரு நிம்மதி வரும், இந்தத் தொழிலில் அதுதான் கூலிக்கு மேல் கிடைப்பது. "போயிடுச்சுங்க ஐயா" என்றேன்.

அவர் முகம் மாறியது.

"எல்லாமா?"

மூன்று வாரமாக அனுப்ப முயன்று போகாத கடிதங்கள் அவுட்பாக்ஸில் கிடந்தன. அவர் மறந்துபோன ஒன்றும் அதில் இருந்தது. புதுச்சேரியில் இருக்கும் தம்பிக்கு எழுதியது. பங்குக் கிணற்றில் மோட்டார் முறை யாருக்கு என்பதில் இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு இரவு தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து, செத்துப்போன தாயாரையும் இழுத்து, எழுதக்கூடாததை எல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறார். போகவில்லை. காலையில் எழுந்தபோது, போகாதது நல்லதாயிற்று என்று நினைத்தாராம். அழிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. போகாத கடிதம் இல்லாத கடிதம்தானே என்று விட்டுவிட்டார்.

நான் போக வைத்துவிட்டேன்.

திரும்பக் கூப்பிட முடியுமா என்று கேட்டார். முடியாது. சர்வர்கள் பேசிக்கொள்வதில் ஒரு கட்டம் உண்டு. அனுப்புகிற மெஷின் முழுக் கடிதத்தையும் ஒப்பித்துவிட்டு, கடைசி வரியில் ஒரே ஒரு புள்ளி வைக்கும். எதிர் மெஷின் 250 என்று பதில் சொல்லும். அந்த எண்ணுக்கு அர்த்தம் 'சரி' என்பது மட்டுமல்ல. இனி இந்தக் கடிதம் என் பொறுப்பு, உரியவரிடம் சேர்ப்பேன், முடியாவிட்டால் உனக்குத் தகவல் சொல்வேன் என்று கையேற்பதுதான் அது. அதற்கு முன்பு இணைப்பு அறுந்தால் கடிதம் இன்னும் உங்களுடையது. புள்ளிக்குப் பிறகு இல்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன பண்ணுவே, நீ வெறும் கம்பி. பாவம் நான் எழுதின ராத்திரியே பண்ணியாச்சு" என்றார் அவர். ஆறுதலுக்குச் சொன்னாரா, சித்தாந்தமா என்று தெரியவில்லை. கூலி வாங்காமல் வண்டியை எடுத்தேன். கூப்பிட்டு நூற்றைம்பது ரூபாயைப் பையில் திணித்துவிட்டார்.

வெறும் கம்பி என்ற சொல் வழியெல்லாம் குடைந்தது. ஏனென்றால் என் தொழிலில் அது பொய் என்று நிரூபணமான வாதம். தொண்ணூறுகளில் உலகத்தில் பாதி மெயில் சர்வர்கள் வெறும் கம்பியாகத்தான் இருந்தன என்று சொன்னால் பெரிதாகத் தப்பில்லை. யார் கொடுத்தாலும், யாருக்கு என்றாலும், வாங்கி அடுத்த சர்வருக்குத் தள்ளிவிடும். ஓப்பன் ரிலே என்று பெயர். உபகாரமாக ஆரம்பித்த பழக்கம். வாங்குவதில் தாராளமாக இரு, கொடுப்பதில் கறாராக இரு என்ற பொருளில் போஸ்டலே இன்னொரு ஆவணத்தில் எழுதியிருக்கிறார். மோசடிக் கடிதக்காரர்கள் அந்தத் தாராளத்தில் புகுந்தார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? எழுதினவனை யாராலும் பிடிக்க முடியவில்லை, சுமந்தவனைப் பிடித்தார்கள். கறுப்புப் பட்டியலில் ஏறியது அந்த சர்வர்களின் முகவரிதான். நான் எழுதவில்லை, கொண்டுபோய்த்தான் கொடுத்தேன் என்ற சமாதானத்தை ஒருவரும் ஏற்கவில்லை. நான் போட்டேனே, அந்த 587, அது 1998இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட வாசல்: சொந்தக்காரன் தன் கடிதத்தைக் கொண்டுவந்து ஒப்படைக்கிற இடம். ஊர்க் கடிதத்துக்கு வேறு வாசல். நான் அந்த டிக்கைப் போட்டபோது சர்வரிடம் சொன்னது, இதை அனுப்புகிறவர் அவரேதான் என்று. அவர் அனுப்பவில்லை. பொத்தானை அழுத்தியது என் விரல்.

ஒரு மாதம் கழித்துப் பிரிண்டர் பார்க்கப் போனபோது இதை அவரிடமே கேட்டேன். பீரோவிலிருந்து தத்துவார்த்த சூத்திரத்தின் உரை ஒன்றை எடுத்துவந்தார். உமாஸ்வாமி செய்த நூல், ஆறாவது அத்தியாயம். அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு செயலுக்கு மூன்று படி: நினைத்துத் துணிவது, அதற்கான ஏற்பாடு, தொடங்குவது. மனம், மொழி, மெய் என்று கருவி மூன்று. தானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, பிறர் செய்ததற்கு மனம் ஒப்பியது என்று மூன்று. சினம், செருக்கு, வஞ்சகம், பேராசை என்று உள்ளே எரிவது நான்கு. பெருக்கினால் 108. ஒரு செயலை வைத்துவிட்டு, இந்த 108 கட்டத்தில் எது எது என்று டிக் போட்டுக்கொண்டே போகலாம். ஒரு அக்கவுண்ட் செட்டிங் பக்கம்போலவே இருந்தது. இதைவிடக் கறாரான செட்டிங் பக்கத்தை நான் பார்த்ததில்லை.

அவர் கட்டம் எளிது. துணிந்தார், முகவரி போட்டார், அனுப்பினார்; மொழி; தானே; சினம். ஊற்று பற்றி அவ்வளவு சொன்ன மனிதர் ஒரு கிணற்று ஊற்றுக்காக எழுதிய கடிதம் என்பதை அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"என் கட்டம் எதுங்க ஐயா? எனக்குக் கோபமும் இல்ல, உங்க தம்பி யாருன்னே தெரியாது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலுல ஒண்ணு இல்லேன்னா ஒட்டாது தம்பி. காய்ஞ்ச சுவத்துல தூசி விழுந்த மாதிரி, விழுந்து உதிர்ந்துடும். உள்ளே ஈரம் இருந்தாத்தான் ஒட்டும். ஈரம் இருந்துச்சான்னு உனக்குத்தான் தெரியும்."

இருந்தது. அவுட்பாக்ஸில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்திருக்கலாம். பதினொன்று என்று எண் கண்ணுக்கு நேரே தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பச்சைப் பட்டையை. பத்து நிமிடத்தில் சரி பண்ணிவிட்டேன் பார் என்ற எண்ணம். நான்கில் இரண்டாவது.

அந்தக் கடிதம் திரும்பி வந்துவிடாதா என்று நான் சில நாள் ஆசைப்பட்டேன். முகவரியில் ஒரு எழுத்து தப்பாக இருந்திருக்கலாமே. சேர்க்க முடியாத கடிதத்துக்கு சர்வர் ஒரு தகவல் கடிதம் அனுப்பும். அந்தத் தகவல் கடிதத்தின் உறையில் அனுப்புநர் இடம் காலியாக இருக்கும், வேண்டுமென்றே. அதில் முகவரி இருந்தால், அதுவும் சேராமல் போனால் அதற்கு ஒரு தகவல், அந்தத் தகவலுக்கு ஒரு தகவல் என்று இரண்டு மெஷின்கள் ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டே கிடக்கும். காலி உறைக்குப் பதில் போட முடியாது. அதோடு நின்றுவிடும். பலனைத் திரும்பக் கேட்காத செயல் என்று என் தகப்பனார் கீதையை வைத்துக்கொண்டு சொல்வாரே, அதை நான் முதலில் புரிந்துகொண்டது இந்த உறையில்தான். அண்ணன் தம்பி சண்டையில் அப்படி ஒரு உறை கிடையாது.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. அந்த வருடமே மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கல்வெட்டு: சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம். 'ஐ' என்ற எழுத்து மிகப் பழமையான வடிவில் கிடைக்கும் கல்வெட்டு என்று எழுத்து ஆராய்கிறவர்கள் அங்கே வருவார்கள். நான் நாள்களை எண்ணினேன். ஐம்பத்தேழு நாள் இன்கமிங் முழுதாக அடைப்பு. செறிப்பு என்றால் கடைசியில் இதுதானா, எல்லா வாசலையும் மூடிய மெஷின் செத்த மெஷின் இல்லையா என்று எனக்குக் கலக்கமாக இருந்தது. இப்போதும் அந்தக் கலக்கம் முழுதாகப் போகவில்லை. ஆனால் ஐயா பிறகு சொன்ன ஒரு விஷயம் அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தது. சமந்தபத்திரர் எழுதிய ரத்தினகரண்டகம் என்ற சமண நூலில் இந்த நோன்புக்கு வரிசை உண்டாம். சோற்றைக் குறைப்பது முதல் வேலை இல்லை. பகையை விட்டு, உற்றார் எல்லோரையும் மன்னித்து, அவர்களிடம் இனிய சொல்லால் மன்னிப்புக் கேட்பது முதலில். அப்புறம்தான் சோறு, அப்புறம் பால், அப்புறம் நீர். அதாவது, அவுட்பாக்ஸைத் தீர்த்துவிட்டுத்தான் இன்கமிங்கை மூட வேண்டும்.

இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன் அவுட்பாக்ஸைத் திறந்து காட்டி, இதெல்லாம் போகலாமா என்று கேட்பேன். பத்தில் ஒன்பது பேர், அட போகட்டும்பா என்பார்கள்.

அவர் தம்பியிடமிருந்து பதில் வந்ததா என்றால், வந்தது. நான் பிரிண்டர் பார்க்கப் போனேனே, அன்று அவரே காட்டினார். இன்பாக்ஸில் தடித்த எழுத்தில் தம்பியின் பெயர், திறக்காமல். தேதி பார்த்தேன், பத்தொன்பது நாளாகியிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் சின்னக் கிளிப் ஒன்று. அது என்ன என்று கேட்டார். ஏதோ இணைத்து அனுப்பியிருக்கிறார், படமோ பத்திரமோ என்றேன்.

"இதைத் திறக்காமலே வெச்சிருந்தா செறிப்பு ஆகுமா?" கேலியாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

அவருடையது பாப் வகைக் கணக்கு. கடிதம் சர்வரில் தங்காது. வீட்டு மெஷினில் இறங்கிய பிறகு அங்கே அழிந்துவிடும். "ஐயா, அது வந்து இறங்கியாச்சு. இப்போ வெளியில எங்கயும் இல்ல. உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு."

சமையலறையிலிருந்து வீட்டம்மா, வெளிச்சம் போகிறது என்று குரல் கொடுத்தார். மணி ஐந்தே முக்கால். ஐயா எழுந்து கை கழுவப் போனார். மானிட்டரை அணைக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் தம்பி, சாப்பிட்டு வந்துடறேன்" என்றார்.