நல்லா பாத்துக்கறாங்களா?



வீட்டுப் பெரியவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தவரிடம் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "அங்க நல்லா பாத்துக்கறாங்களா?" அவரும், "ம்... இடம் சுத்தமா இருக்கு, நேரத்துக்கு சாப்பாடு குடுத்துடறாங்க" என்பார். பேச்சு அதோட முடிஞ்சிடும். அந்த 'நல்லா'வுக்கு என்ன அர்த்தம்னு யாரும் கேட்கறதில்ல. கொஞ்ச நாளா எனக்கு இதே யோசனைதான்.

எங்க பெரிய பாட்டி, அதாவது அப்பாவோட பெரியம்மா, படுத்த படுக்கையாக ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்காங்க. மாசத்துக்கு ரெண்டு தடவை போய்ப் பார்ப்பேன். வாசலில் பூந்தொட்டி, பளபளன்னு டைல்ஸ், ஹாலில் பெரிய டிவி. ஒருநாள் அங்கே வேலை செய்யும் அக்கா ஒருத்தர் சொன்னாங்க: "தம்பி, இடம் எப்படின்னு தெரியணும்னா ஹாலைப் பாக்காதீங்க. பாட்டியோட குதிகாலைப் பாருங்க."

எழுந்து நடக்க முடியாதவங்களுக்கு எலும்பு துருத்தும் இடங்களில், அதாவது குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதியில், அழுத்தத்தால் ரத்த ஓட்டம் தடைபடும். முதலில் தோல் நிறம் மாறும். கவனிக்காம விட்டால் புண்ணாகி, எலும்பு வரைக்கும் கூடப் போயிடும். இதுதான் படுக்கைப்புண். இதைத் தடுக்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போலப் புரட்டிப் படுக்க வைக்கணும், ஈரம் தங்காம பாத்துக்கணும். ராத்திரி 2 மணிக்கும்தான். அந்த நேரத்தில் எந்தச் சொந்தக்காரரும் வந்து பார்க்கப் போறதில்ல. செய்தாலும் பாராட்ட ஆளில்லை, செய்யாவிட்டாலும் உடனே கேட்க ஆளில்லை. பாட்டியாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

"சம்பளம் வாங்கிட்டுத்தானே செய்யறாங்க, அதில் என்ன சேவை?" என்று சிலர் கேட்பாங்க. எனக்கு இது சரியாகப் படவில்லை. டாக்டரும் ஃபீஸ் வாங்குகிறார், ஆசிரியரும் சம்பளம் வாங்குகிறார். அதனால் அவங்க நல்ல மனசோடு செய்தது பொய்யாகிடுமா? சம்பளம் ஒருத்தரை வேலைக்கு வரவைக்கும். புரட்டும்போது "பாட்டி, இப்ப கொஞ்சம் திருப்பறேன், வலிச்சா சொல்லுங்க" என்று சொல்லிட்டுத் தொடுவது அவங்களா சேர்த்துக் கொடுப்பது.

அப்படின்னா அன்பு இருந்தா போதுமா? அதுவும் போதாது. ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுவோம். இரவில் ஒரே ஒருத்தர் பொறுப்பில் படுக்கையில் இருப்பவங்க 10 பேர். ஒருத்தரைப் புரட்டி, டயப்பர் மாத்தி, துணியைச் சரிசெய்ய 10 நிமிஷம். 10 பேருக்கு 100 நிமிஷம். ரெண்டு மணி நேரத்தில் மிச்சம் 20 நிமிஷம்தான். அதுக்குள்ள ஒருத்தர் தண்ணி கேட்பார், ஒருத்தருக்கு மூச்சு வாங்கும், ஒருத்தர் பயந்து எழுந்து உட்காருவார். யாரோ ஒருத்தரைப் புரட்டுவது நிச்சயம் விட்டுப்போகும். அந்த அக்காவுக்குக் கல் மனசு இல்ல, கை பத்தல. இருக்கறதிலேயே குறைஞ்ச கட்டணம் எங்கேன்னு தேடும் குடும்பம், ஆள் போடாமல் மிச்சம் பிடிக்கும் நிர்வாகம், இதையெல்லாம் சோதிக்காத அதிகாரி, எல்லாருக்கும் அந்தப் புண்ணில் பங்கு இருக்கு.

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், பெரியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கு. தெருவில் விட்டவரைச் சட்டம் கேட்கும். மாசம் தவறாமல் பணம் கட்டிவிட்டு எட்டிப் பார்க்காமலே இருப்பவரை எது கேட்கும்? இல்லத்தில் சேர்ப்பதே பாவம்னு நான் நினைக்கல. வேலைக்குப் போகும் ரெண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில், ராத்திரி முழுக்க ஆள் வேண்டிய நோயாளியை வைத்துப் பார்ப்பது நிஜமாகவே முடியாமல் போகலாம். சேர்த்த பிறகும் அவர் நம்ம பொறுப்புதான் என்பதை மறப்பதுதான் தப்பு.

இன்னொரு விஷயம். 1976-ல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் நடத்திய ஆய்வை வெளியிட்டாங்க. ஒரு மாடியில் இருந்தவங்களிடம், "உங்க விஷயங்களை நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லி, ஆளுக்கொரு செடியும் கொடுத்து அவங்களையே வளர்க்கச் சொன்னாங்க. இன்னொரு மாடியில் எல்லாத்தையும் ஊழியர்களே பாத்துப்பாங்கன்னு சொல்லி, செடிக்கும் அவங்களே தண்ணி ஊத்தினாங்க. தானே முடிவெடுத்தவங்கதான் அதிகச் சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தாங்க.

எங்க பாட்டிகிட்ட அந்த அக்கா தினமும் கேட்பாங்க, "காபி இப்பவா, குளிச்சிட்டா?" பாட்டி கண்ணாலயே பதில் சொல்லுவாங்க. கேட்க அஞ்சு செகண்ட் ஆகும். ஆனா அந்த நாளில் பாட்டி சொன்னபடி நடந்த ஒரு காரியம் அது.

நம்மில் பலர் பிறந்தநாளுக்கு, விசேஷத்துக்கு இல்லங்களில் அன்னதானம் செய்யறோம். ரொம்ப நல்லது, விடாதீங்க. ஆனா சமைக்கும் முன்னாடி அங்கே ஒரு போன் போட்டுக் கேளுங்க. சர்க்கரை உள்ளவங்க எத்தனை பேர், குழைவாகத்தான் சாப்பிட முடியும் என்பவங்க எத்தனை பேர்? விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் உள்ளே போன பிறகே அடுத்த வாய் கொடுக்கணும். அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழாயில் போயிடும். வடை பாயசத்தோடு போட்டோ எடுத்துக் கிளம்பும் நாளைவிட, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு பேர் போய் பொறுமையா ஊட்டிவிட்டால் அங்கே இருப்பவங்களுக்கு அது பெரிய உதவி. முடிஞ்சா இரவு நேர ஆள் ஒருத்தரின் சம்பளத்தில் பங்கு போடுங்க.

அடுத்த தடவை இல்லத்துக்குப் போகும்போது, "நல்லா பாத்துக்கறாங்களா?" என்று மட்டும் கேட்காதீங்க. ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர், கடைசியாக எப்போ புரட்டினாங்க என்று கேளுங்க. போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்க. எங்கேயாவது பெரியவங்க கொடுமைப்படுவது தெரிந்தால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-க்கு அழையுங்க. இந்த எண்ணை இப்பவே போனில் பதிவு செஞ்சு வச்சுக்கோங்க.