தெரியாமை குற்றமா?

ஒருவருக்கு ஒன்று தெரியாமல் இருப்பது குற்றமா? இல்லை என்றுதான் எல்லோரும் சொல்லுவோம். ஆனால் வீட்டுக்குள் நாம் நடந்துகொள்ளும் முறை அப்படியா இருக்கிறது?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள வன்னியம்பட்டியில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இருக்கிறார். இளமையில் பல ஆண்டுகள் நூற்பாலையில் வேலை பார்த்தவர். சுழலும் கதிர்களுக்கு நடுவே நடந்து, அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்ப் பழகிய கைகள் அவருடையவை. கணவர் காலமான பிறகு, அமெரிக்காவில் வேலையாயிருக்கும் மகன் குடும்பத்தோடு ஆறு மாதம் தங்கிவரப் போனார்.

போன மூன்றாம் நாள் காலை. மகனும் மருமகளும் இன்னும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைக்கலாம் என்று அடுப்படிக்குப் போனார். அங்கே அடுப்பில் நெருப்பையே காணோம். வழவழப்பான கண்ணாடித் தகடுதான் இருந்தது. தணலைப் பார்த்துச் சூட்டை அளந்து பழகிய கண்ணுக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. எண்ணெய் புகைந்தது, மிளகாய் வற்றல் கருகியது. மறுகணம், புகை பட்டால் ஒலிக்கும் அபாயமணி காது கிழிய அலறியது. பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. தூக்கம் கலைந்து ஓடி வந்த மகன் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, "அம்மா, இனிமே நீ எதையும் தொட வேண்டாம். பேசாம உட்காரு. எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றான்.

அன்பாகத்தான் சொன்னான். "ஆனா அந்த வார்த்தைக்கு அப்புறம், அந்த வீட்ல தண்ணி மோந்து குடிக்கக்கூடப் பயமா இருந்துச்சு, தம்பி" என்றார் அம்மாள், ஊர் திரும்பிய பின் என்னிடம்.

மகன் பயந்ததிலும் நியாயம் உண்டு. அந்நாட்டு வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் ஆனவை. ஒரு வீட்டில் தீப்பற்றினால் அடுத்த வீட்டுக்கும் ஆபத்து. தாளிப்புப் புகைக்கும் தீப்புகைக்கும் பேதம் அறியாவிட்டாலும், உறங்குகிறவர்களின் உயிரைக் காக்கவே அந்த மணி இருக்கிறது. அதைக் கோபித்துக்கொள்வதற்கில்லை.

பின் தவறு எங்கே? ஆலையில் இதைவிடப் பெரிய இயந்திரங்களைப் பழக்கியவர் அவர். அங்கே முதல் நாளன்று அவரிடம் "தொடாதே" என்று யாரும் சொல்லவில்லை. மூத்த தொழிலாளி ஒருத்தி பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தாள். 2011-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கத் தொடங்கியதே, அப்போதும் இப்படித்தான். தெருவில் பல வீடுகளுக்குப் புதுப்பொருள் வந்தது. ஒருத்தி மூடியைச் சரியாகப் பொருத்தாமல் சட்னியைச் சுவரெல்லாம் தெளித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். எல்லோருக்குமே தெரியாதபோது தெரியாமை வலிப்பதில்லை. மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்த இடத்தில் ஒருவருக்கு மட்டும் தெரியாதபோதுதான் அது அவமானமாகிறது.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. இங்கிருந்து கொண்டுபோன மிக்ஸியை அங்கே அப்படியே செருகினால் முனகும், உளுந்து அரைபடாது. அதற்காக மிக்ஸி பழுது என்று விவரம் தெரிந்த யாரும் தூக்கி எறிவதில்லை. மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை இடையே வைக்கிறார்கள். ஒரு மிக்ஸிக்குக் காட்டும் இந்த நிதானத்தைப் பெற்ற தாய்க்குக் காட்டக் கூடாதா?

வேலையிலிருந்து விடுவிப்பதே முதியவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆயுள் முழுதும் பிறருக்குச் சோறு போட்ட கையைச் சும்மா இருக்கச் சொல்வது மரியாதை ஆகாது. முதியவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ஒதுங்குவது அடக்கம் அல்ல, கற்கும் சிரமத்துக்கு அஞ்சுவதுதான்.

அந்த அம்மாள் அஞ்சவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த அடுப்பைக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவள் எட்டு வயதுப் பேத்தி. ஒரே கேள்வியைப் பாட்டி பத்துத் தடவை கேட்டபோதும் அவள் சலித்துக்கொள்ளவில்லையாம். நாள்தோறும் பள்ளியில் தெரியாததைக் கற்றுக்கொண்டிருப்பவள் அல்லவா? தெரியாமை ஒரு குற்றம் என்பது அவளுக்கு இன்னும் தெரியவில்லை.