ஓநாய் கேட்காத கேள்வி

போன வாரம் எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தன் ஒரு வீடியோ அனுப்பினான். தூர்தர்ஷனில் வந்த 'ஜங்கிள் புக்' தொடரின் டைட்டில் பாட்டு. ஞாபகம் இருக்கிறதா? குல்சார் எழுதி, விஷால் பரத்வாஜ் இசையமைத்தது. அரை மணி நேரத்தில் குழுவே அல்லோலகல்லோலம். ஓசூர் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருப்பவன், மாங்கூழ் வியாபாரம் செய்பவன், பேங்க் மேனேஜர் எல்லோரும் அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள். "அது பொற்காலம்டா மச்சி" என்று ஒருத்தன். நானும் "ஆமாண்டா" என்று தட்டிவிட்டேன்.

1993. தர்மபுரி. நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கலர் டிவி இருந்தது ஒரே ஒரு வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்தும் குளிக்காமலும் அங்கே ஓடுவோம். சிமெண்ட் தரையில் இருபது பேர். பேசுவது இந்தி. ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. டிவி வீட்டு அண்ணன் கூடவே தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். பூராவும் அவர் சொந்தச் சரக்கு என்பது பின்னாளில்தான் புரிந்தது!

ஆனால், முக்கியமான விஷயம் புரிவதற்கு பாஷை தேவைப்படவில்லை. காட்டில் ஒரு மனிதக் குழந்தை. அதை ஒரு தாய் ஓநாய் தன் குட்டிகளோடு சேர்த்து வளர்க்கிறது. தப்பு செய்தால் தலையில் தட்ட ஒரு கரடி, ஆபத்து என்றால் ஓடிவர ஒரு கருஞ்சிறுத்தை. 'நீ எங்கள் ஜாதி இல்லை' என்று சொல்பவர்களும் காட்டில் உண்டு. 'இவன் எங்கள் பிள்ளை' என்று அந்த ஓநாய்க் குடும்பம் குறுக்கே நிற்கும். அது ஜப்பானில் தயாரான 52 எபிசோட் கார்ட்டூன் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நல்ல குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

இந்தக் கதையை 1894-ல் புத்தகமாகக் கொண்டுவந்த ருட்யார்ட் கிப்ளிங், பம்பாயில் பிறந்தவர். ஐந்து வயதில் அவரையும் தங்கையையும் இங்கிலாந்தில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் பெற்றோர். காசு வாங்கிக்கொண்டு பிள்ளை வளர்க்கும் வீடு. சுமார் ஆறு வருஷம் அடியும் வசவுமாக அங்கே கழித்ததைப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பையன்தான் வளர்ந்து, கண்டெடுத்த குழந்தையைக் கைவிடாத ஓநாய்க் குடும்பத்தைப் படைத்தான். கிடைத்ததை மட்டுமா மனிதன் எழுதுகிறான்? கிடைக்காததைத்தான் இன்னும் அழகாக எழுதுகிறான்.

ஏக்கமும் அப்படித்தானோ என்று இப்போது தோன்றுகிறது. தோன்ற வைத்தது என் அம்மா.

வீடியோவை அம்மாவிடம் காட்டி, "அந்தக் காலம் எவ்வளவு நல்லா இருந்துச்சு இல்லம்மா?" என்றேன்.

"யாருக்குடா?" என்றார்.

"எல்லாருக்கும்தான்."

"ஞாயித்துக்கிழமை நீ டிவி வீட்டுக்குப் போயிடுவ. உங்கக்கா குழாயடியில குடத்தோட நிப்பா. நான் அடுப்புகிட்ட. இந்தப் பொம்மைய நானும் பார்த்ததில்ல, அவளும் பார்த்ததில்ல."

சுருக்கென்றது. அம்மா அதோடு விடவில்லை. "அந்த டிவி வீட்டுக்கு எதிர்ச் சந்துல ஒருத்தி இருந்தா. மூணாவதும் பொண்ணு. பத்தாம் நாள் கொழந்தை இல்ல. ஜன்னின்னு சொன்னாங்க. யாரும் ஒண்ணும் கேக்கல. நானும் கேக்கல."

நான் பி.காம். படித்தவன். பேரேட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு வரவுக்கும் எங்கேயோ ஒரு பற்று இருக்கும். என்னுடைய பொற்காலத்தில் வரவு மட்டும்தான் எழுதியிருந்தேன். பற்று அக்காவின் இடுப்பில் குடமாக இருந்தது. எதிர்ச் சந்தில் பத்து நாள் மட்டும் இருந்தது.

எங்கள் மாவட்டக்காரர்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. பக்கத்து சேலத்தில் 1992-ல் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்றது. 2001-ல் அதை தர்மபுரிக்கும் நீட்டித்தார்கள். அந்த வருஷ மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தர்மபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் பையன்களுக்கு 826 பெண்கள்தான். இயற்கையாக விட்டால் 950 வாக்கில் இருக்க வேண்டும். 2011-ல் அது 913 ஆனது. தேவலை. ஆனாலும் கணக்கு இன்னும் நேராகவில்லை.

ஓர் ஓநாய் சும்மா செய்த வேலையைச் செய்ய, மனிதர்களுக்கு அரசாங்கம் தொட்டில் வைக்க வேண்டியிருந்தது!

சரி, அப்படியென்றால் ஏங்குவதே தப்பா? அழுகிற பொம்மை போட்ட நண்பர்கள் எல்லாம் போலிகளா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த சிமெண்ட் தரை நிஜம். அந்த இருபது பேரின் சிரிப்பும் நிஜம். 'இப்படி ஒரு குடும்பம் வேண்டும்' என்று அன்றைக்கு மனசு கேட்டதும் நிஜம். தப்பு எங்கே வருகிறதென்றால், திரையில் பார்த்ததை நாம் வாழ்ந்ததாக நினைத்துக்கொள்கிறோமே, அங்கே. காலம் நன்றாக இருக்கவில்லை. கார்ட்டூன் நன்றாக இருந்தது.

பழசை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு ஒன்றுதான். தாராளமாக ஏங்குங்கள். கூடவே, அப்போது பக்கத்தில் இருந்தவர்களிடம் 'உங்களுக்கு எப்படி இருந்தது?' என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். முக்கியமாக, அந்தப் படத்தில் இல்லாதவர்களிடம்.

ஞாயிற்றுக்கிழமை, அம்மாவை சோபாவில் உட்கார வைத்தேன். ஒரு பக்கம் என் மகள். அடுப்பு என் பொறுப்பு. முதல் எபிசோடை மொபைலிலிருந்து டிவிக்கு மாற்றினேன். அதே இந்தி. நான் சமையலறையிலிருந்தே அந்த அண்ணன் மாதிரி கதை விட்டுக்கொண்டிருந்தேன்.

குழந்தையை ஓநாய் ஏற்றுக்கொள்ளும் இடம் வந்தது. அம்மா கண் எடுக்காமல் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"அது ஆணா பொண்ணான்னு பார்த்துச்சாடா அந்த ஓநாய்?"

"இல்ல பாட்டி, பாக்கவே இல்ல" என்றாள் என் மகள்.