கலயமும் டப்பாவும்

அனுமந்தன்பட்டியில் அன்று நடவு. 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வரத் தொடங்கியது முதல், கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லுக்குக் குறைவில்லை. அந்த வயல் வரப்பில்தான் அவளைக் கண்டேன். மடியில் குழந்தை. ஒன்றரை வயது இருக்கும் என்று நினைத்தேன். மூன்று என்றாள்.

"புள்ள தேறவே மாட்டேங்குதுய்யா. டாக்டரு டப்பா மாவு வாங்கிக் குடுக்கச் சொன்னாரு. வாங்குனா ரெண்டு நாள் கூலி போயிரும். வாங்காட்டி நான் ஒரு தாயா?"

"வாங்கிக் கொடம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பேருந்தில் ஏறி அமர்ந்த பிறகுதான் மருத்துவர் சி. கோபாலனின் நினைவு வந்து நெஞ்சை உறுத்திற்று.

1918இல் சேலத்தில் பிறந்தவர் கோபாலன். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடங்கி, அது 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய பின்னர் அதன் இயக்குநராக இருந்தவர். ஏழைக் குழந்தைகள் மெலிவதற்குக் காரணம் புரதக் குறைவே என்று உலகத்து அறிஞர்கள் பலர் அந்நாளில் நம்பினார்கள். வரப்போகும் புரத நெருக்கடியைத் தடுப்பது பற்றி 1968இல் ஐக்கிய நாடுகள் சபையில் அறிக்கையே வந்தது. புரதம் செறிந்த புதுப்புது மாவுகளைப் பற்றிய பேச்சு எங்கும் அடிபட்டது.

கோபாலன் வேறு விதமாகக் கண்டார். நம் குழந்தைகள் வழக்கமாக உண்ணும் தானியமும் பருப்புமே வயிறு நிறையக் கிடைத்தால், பெரும்பாலும் புரதமும் அதிலேயே கிடைத்துவிடும். குறைந்திருப்பது சோற்றின் அளவு. விறகு இல்லாதவன் வீட்டு உத்திரத்தை உடைத்து அடுப்பில் வைப்பதுபோல, அரைவயிற்று உடம்பு, தசை வளர்க்க வேண்டிய புரதத்தையும் சூட்டுக்காக எரித்துவிடுகிறது. டப்பா மாவு கொடுத்தாலும் அதில் பெரும்பகுதி அந்த அடுப்புக்கே போகும்.

பாலும் முட்டையும் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். கிடைத்தால் நல்லதுதான். நோய் இருந்தால் மருந்தும் வேண்டும். ஆனால் கோபாலனின் முடிவில் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. புரதக் குறைவு என்றால் தாய்க்கு விவரம் போதவில்லை என்று சொல்லிவிடலாம். அறிவுரையும் ஒரு டப்பாவும் போதும். சோற்றுக் குறைவு என்றால் கூலியைப் பற்றிப் பேச வேண்டும். கூலி கொடுப்பவனைப் பற்றியும் பேச வேண்டும். முன்னது நமக்குச் சௌகரியம். பின்னது நம்மையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். படித்தவர்களுக்கு முன்னது ஏன் இவ்வளவு எளிதில் உண்மையாகத் தோன்றுகிறது?

நூறு வயதைக் கடந்து 2019இல் கோபாலன் மறைந்தார். எளிய உண்மையைச் சொல்லப் பெரிய துணிவு வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு ஒரு சான்று. அந்தத் துணிவில் சிறிதும் அன்று என்னிடம் இல்லை.

அவள் நட்ட நாற்று இந்நேரம் கதிராகி அறுவடைக்கு வந்திருக்கும். அதில் எத்தனை பிடி அவள் வீட்டுக் கலயத்துக்குப் போகும்? இதைக் கேட்காமல் அவளுக்கு நான் புத்தி சொன்னேன்.