கண்ணாடிப் பெட்டி

குற்றாலத்தில் சாரல் விடாமல் தூறும் நாட்களில் தேனீ பூவைத் தேடிப் பறக்க முடியாது. வளர்ப்புப் பெட்டிக்குள் சேர்த்த தேனைத்தான் தின்ன வேண்டும். அது தீர்ந்ததா என்று அடிக்கடி மூடியைத் திறந்தால் கூட்டம் கலங்கும். பெட்டியின் ஒரு பக்கம் கண்ணாடி பதித்து, அதன் மேல் மரக்கதவு போட்டால் போதும். தேன் இருப்பு, புழு வளர்ச்சி எல்லாம் தெரியும். பார்த்ததும் கதவை மூடுங்கள், வெளிச்சம் தேனீக்களுக்கு ஆகாது. கண்ணாடிக் கூட்டைக் கவனித்துத்தான் விஞ்ஞானி கார்ல் வான் ஃபிரிஷ் தேனீயின் நடனமொழியைக் கண்டறிந்தார். 1973இல் நோபல் பரிசும் பெற்றார். தேன் எடுப்பதைவிட முதலில் பழக வேண்டியது கூட்டை இப்படிக் கவனிப்பதுதான் என்பேன். தென்காசிப் பக்கம் வீட்டில் தேனீ வளர்க்கத் தொடங்குகிறவர்களே, சாரலுக்கு முன் அடையிலுள்ள தேன் முழுவதையும் எடுத்துவிடாதீர்கள். குறைந்தால் சர்க்கரைப் பாகு வையுங்கள்.